எபிட்யூரல் வலி நிவாரணம்: சிக்கல்களும் நிர்வாகக் கடமைகளும்

நம் நாட்டில் மருத்துவமனைகளில் நடைபெறும் பேறுகளின் அளவு ஒரு தலைமுறைக்குள் பெரும் மாற்றம் கண்டுள்ளது. 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வில் நூற்றுக்கு 38.7 ஆக இருந்த இவ்வளவு, 2019-21ஆம் ஆண்டின் ஆய்வில் 88.6 ஆக உயர்ந்தது. 2005இல் தொடங்கப்பட்ட ஜனனி சுரக்ஷா திட்டமும், 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டமும் இவ்வளர்ச்சிக்குத் துணை நின்றன. இதே காலத்தில் பேறுகால இறப்பும் குறைந்தது. உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 254 தாய்மார் இறந்த நிலை 2004-06இல் இருந்தது. 2018-20இல் அது 97 ஆயிற்று.

தாய் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதே இதுவரை நம் முதல் இலக்காக இருந்து வந்தது. அந்த இலக்கு இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. எனினும், மருத்துவமனையை நம்பி வந்த தாய் அங்கே படும் வலியைக் குறைக்க நாம் என்ன செய்கிறோம் என்ற வினாவும் இப்போது எழுந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பேறுகாலப் பராமரிப்புப் பரிந்துரைகள், வலி நிவாரணம் கோரும் நலமுள்ள பெண்ணுக்கு அவள் விருப்பத்துக்கேற்ப எபிட்யூரல் முறையை அளிக்கலாம் எனக் கூறுகின்றன. பெருநகரங்களின் தனியார் மருத்துவமனைகளில் இம்முறை பழக்கத்துக்கு வந்துவிட்டது. அரசு மருத்துவமனைகளிலோ, போதனா மருத்துவமனைகள் சிலவற்றைத் தவிர, இது அரிதாகவே கிடைக்கிறது.

இச்சேவையை மாவட்ட மருத்துவமனை வரை கொண்டு செல்ல வேண்டுமெனில், அதன் சிக்கல்களை முதலில் அறிதல் வேண்டும். இச்சிக்கல்களில் பல, ஊசி குத்தும் சில நிமிடங்களோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்து வரும் மணிகளிலும், சில வேளைகளில் தாய் வீடு சென்ற பிறகும் அவை தோன்றுகின்றன. ஆகவே இம்முறையின் பாதுகாப்பு, ஊசி போடும் கையின் திறமையை மட்டும் சார்ந்ததன்று. ஊசிக்குப் பின் தாயருகே யார் இருக்கிறார் என்பதையும் சார்ந்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறை வளர்ந்த வரலாறு

பேறுகால வலிக்கு மயக்க மருந்து தருவது 1847இல் தொடங்கியது. எடின்பரோ நகரின் மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்சன் அவ்வாண்டு முதலில் ஈதரையும், பின்னர் குளோரோபாரத்தையும் பயன்படுத்தினார். 1853இல் விக்டோரியா அரசியாருக்கு ஜான் ஸ்னோ குளோரோபாரம் அளித்தபின் இதற்கிருந்த எதிர்ப்புத் தணியலாயிற்று. ஆனால் முகர்ந்து மயங்கும் இம்முறையில் தாயின் நினைவும் மங்கியது. மருந்து குழந்தையையும் சென்றடைந்தது.

தாய் விழித்திருக்க, வலி மட்டும் அகல வேண்டும் என்ற தேடல் முதுகுத்தண்டை நோக்கித் திரும்பியது. 1898இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் அகஸ்ட் பியர் தண்டுவட நீருக்குள் மருந்தைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். அதனைத் தம் உடலிலேயே சோதிக்க முயன்ற அவர், அதன்பின் பல நாள் கடுந்தலைவலியால் வருந்தினார். இன்றும் இத்துறையின் முக்கியச் சிக்கலாக விளங்கும் அத்தலைவலி, முறையோடு கூடவே பிறந்தது எனலாம். 1921இல் ஸ்பெயின் நாட்டு இராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஜெஸ், உறையைத் துளைக்காமல் அதற்கு வெளியே மருந்தை நிறுத்தும் எபிட்யூரல் முறையை வெளியிட்டார். 1947இல் கியூபாவின் மார்ட்டினெஸ் குர்பெலோ, இடுப்புப் பகுதியில் மெல்லிய குழாயை உள்ளே விட்டுவைத்து, தேவைக்கேற்ப மருந்தைத் தொடர்ந்து செலுத்தும் வழியைக் காட்டினார். பல மணி நேரம் நீடிக்கும் பேறுகால வலிக்கு இம்முறை ஏற்றதாயிற்று.

ஊசி செல்லும் வழி

சிக்கல்களைப் புரிந்துகொள்ள உடற்கூறு ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். தண்டுவடத்தையும் அதனைச் சூழ்ந்த நீரையும் டியூரா என்னும் உறுதியான உறை மூடியுள்ளது. இவ்வுறைக்கும் முதுகெலும்பின் தசைநார்களுக்கும் இடையே கொழுப்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த குறுகிய இடைவெளி உண்டு. அதுவே எபிட்யூரல் வெளி. கருப்பையிலிருந்து வலியைச் சுமந்து வரும் நரம்புகள் இவ்வெளியைக் கடந்தே தண்டுவடத்தை அடைகின்றன.

மருத்துவர் தாயை அமர்த்தியோ, ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, இடுப்பின் கீழ் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசியைச் செலுத்துகிறார். வயது வந்தோரில் தண்டுவடம் பொதுவாக முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் அளவிலேயே முடிந்துவிடும். எனவே அதற்குக் கீழே குத்துவதால் தண்டுவடமே காயமுறும் வாய்ப்புக் குறைகிறது. ஊசி தசைநாரைக் கடக்கும்போது, ஊசிக்குழலை அழுத்தும் விரலுக்குத் தடை புலப்படும். வெளியை அடைந்தவுடன் அத்தடை சட்டென நீங்கும். இதுவே அடையாளம். பின்னர் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, ஊசியை எடுத்துவிடுகின்றனர். குழாய் வழியே பூபிவகைன் போன்ற மரமரப்பு மருந்தைச் சிறு அளவு ஃபென்டனிலுடன் கலந்து செலுத்துகின்றனர். வலி தணிய ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடங்கள் ஆகும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். சிசேரியன் அறுவைக்கு நம் மருத்துவமனைகளில் பெரும்பாலும் அளிக்கப்படுவது ‘ஸ்பைனல்’ எனப்படும் முறையாகும். அதில் மருந்து உறையைக் கடந்து தண்டுவட நீருக்குள் ஒரே முறை செல்கிறது. மக்கள் பேச்சில் இரண்டும் ‘முதுகில் போடும் ஊசி’ என்றே வழங்குவதால், ஒன்றின் அனுபவம் மற்றொன்றின் மீது ஏற்றிச் சொல்லப்படுகிறது.

அடிக்கடி நேர்பவை

முதலாவது, இரத்த அழுத்தக் குறைவு. மருந்து வலி நரம்புகளோடு இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும் நரம்புகளையும் தளர்த்துகிறது. குழாய்கள் விரிவதால் அழுத்தம் தாழ்கிறது. தாய்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகும்; கருப்பைக்குச் செல்லும் இரத்தம் குறைந்தால் குழந்தையின் இதயத்துடிப்பும் தளரும். தாயை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தல், சிரை வழியே நீர் ஏற்றுதல், எபிட்ரின் அல்லது ஃபினைலெஃப்ரின் மருந்தளித்தல் ஆகியவற்றால் இது விரைவில் சரியாகும். ஆனால், சரிசெய்ய வேண்டுமெனில் முதலில் கண்டறிய வேண்டும். முதல் மருந்தளவுக்குப் பின்னும், ஒவ்வொரு பெரிய மருந்தளவுக்குப் பின்னும் 5 நிமிடத்துக்கொரு முறை இரத்த அழுத்தத்தை அளப்பதும், குழந்தையின் இதயத்துடிப்பைக் குறைந்தது அரைமணி நேரம் தொடர்ந்து கவனிப்பதும் இதற்காகவே. நம் நாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2019-21ஆம் ஆண்டின் ஆய்வுப்படி கருவுற்ற பெண்களுள் நூற்றுக்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். கடும் இரத்தசோகையுள்ள தாயின் உடல், அழுத்தக் குறைவை நெடுநேரம் தாங்காது.

இரண்டாவது, வலி முழுமையாக அகலாமை. பிரிட்டனின் மகப்பேறு மயக்கவியலாளர் சங்கம் தாய்மார்களுக்கென வெளியிட்ட தகவல் அட்டை, எண்மரில் ஒருவருக்கு எபிட்யூரல் போதிய பயன் தராமல் வேறு வழியும் தேவைப்படுகிறது என்கிறது. சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் மரத்து, மறுபக்கம் வலி நீடிக்கும். குழாயைச் சிறிது வெளியே இழுத்தோ, மீண்டும் குத்தியோ இதைச் சரிசெய்யலாம். ‘வலியே இராது’ என்று முன்னரே உறுதி கூறுவது தவறு என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது, சிறு தொல்லைகள். ஃபென்டனிலால் அரிப்பு தோன்றலாம். நடுக்கம் உண்டாகலாம். சிறுநீர் கழிக்கும் உணர்வு மங்குவதால் சிறுநீர்ப்பை நிரம்பித் தங்கலாம். கவனிக்காவிடில் பின்னர் துன்பம் தரும். எபிட்யூரல் நீண்ட நேரம் தொடரும்போது சில தாய்மாருக்கு உடல் வெப்பம் உயர்கிறது. இது நோய்த்தொற்றால் வந்த காய்ச்சலா, இம்முறையின் விளைவா எனப் பிரித்தறிவது எளிதன்று. தொற்று இருக்கலாம் எனக் கருதியே தாயையும் சேயையும் பரிசோதிக்க வேண்டும்.

பேற்றின் போக்கில் விளைவு

எபிட்யூரல் போட்டால் அறுவைப் பிரசவம்தான் என்று பலர் நம்புகின்றனர். 2018இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, 11,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 40 ஆய்வுகளின் தரவுகளைப் பரிசீலித்தது. எபிட்யூரலால் சிசேரியன் எண்ணிக்கை கூடுவதாக அதில் தெரியவில்லை. ஆயுதம் அல்லது உறிஞ்சுகருவி கொண்டு குழந்தையை எடுக்கும் தேவை மட்டும் கூடியிருந்தது. 2005க்குப் பின் நடந்த ஆய்வுகளைத் தனியே பார்த்தபோது அந்த வேறுபாடும் காணப்படவில்லை. முன்னாளில் செறிவு மிகுந்த மருந்து கால்களைச் செயலிழக்கச் செய்தது. தாயால் முக்க இயலவில்லை. இக்காலத்தில் பூபிவகைனை நூற்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைந்த செறிவில் பயன்படுத்துவதால் தசை வலிமை பெரும்பாலும் நிலைக்கிறது. எனினும் பேற்றின் இரண்டாம் கட்டம் சற்று நீள்கிறது. பொறுமையின்றி அவசரப்படும் பேற்றறையில், நீண்ட அந்த நேரமே அறுவைக்குக் காரணமாகிவிடக்கூடும்.

நீடித்த முதுகுவலி பற்றிய அச்சமும் பரவலாக உண்டு. குத்திய இடத்தில் சில நாள் வலி இருப்பது இயல்பே. ஆனால், எபிட்யூரல் பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே நெடுங்கால முதுகுவலியில் வேறுபாடு இல்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. பிள்ளை பெற்ற பெண்களுக்கு முதுகுவலி வருவது பொதுவான நிலை. சுமையும், உறக்கமின்மையும், பாலூட்டும்போது அமரும் நிலையும் அதற்குக் காரணங்களாகலாம். ‘எல்லாம் அந்த ஊசியால்தான்’ என்று தாய் கூறும்போது, அவளை மறுத்துப் பேசாமல், அவள் முதுகைப் பரிசோதித்த பின்னரே விளக்கம் கூற வேண்டும்.

வீட்டில் தொடங்கும் தலைவலி

ஊசி தவறி டியூரா உறையைத் துளைத்துவிடுவது ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு நேர்கிறது. எபிட்யூரல் ஊசி பருமனானது. அத்துளை வழியே தண்டுவட நீர் கசிகிறது. அவ்வாறு துளைபட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி உண்டாகிறது. எழுந்து அமர்ந்தால் மிகுதியாகும், படுத்தால் தணியும் என்பது இதன் அடையாளம். கழுத்து இறுக்கமும், காதில் இரைச்சலும் சேர்ந்து வரலாம்.

இத்தலைவலி உடனே வருவதில்லை. பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்தே வருகிறது. அரசு மருத்துவமனைகளில் இயல்பான பேற்றுக்குப் பின் தாயை 48 மணி நேரம் வைத்திருந்து அனுப்புவதே நடைமுறை. படுக்கைப் பற்றாக்குறையால் பல இடங்களில் அதுவும் சுருங்குகிறது. ஆக, தலைவலி தொடங்கும்போது தாய் பல கிலோமீட்டருக்கு அப்பால் தன் வீட்டில் இருக்கிறாள். பச்சை உடம்புக்காரிக்கு இதெல்லாம் சகஜம் என்று சொல்லிக் குடும்பத்தார் கைம்மருந்து தருகின்றனர். உட்கார முடியாத தாயால் குழந்தைக்கு ஒழுங்காகப் பாலூட்டவும் இயலாமற் போகிறது.

இதற்கு மருத்துவம் உண்டு. ஓய்வு, நீர்மம், வலிநீக்கி மாத்திரைகள் ஆகியவற்றால் தணியாதபோது, தாயின் கையிலிருந்து ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, அதனை எபிட்யூரல் வெளியில் செலுத்தித் துளையை அடைக்கலாம். 1960 முதல் இம்முறை அறியப்பட்டுள்ளது. ஆனால் இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. பேற்றுக்குப் பின் வரும் தலைவலி அனைத்தும் ஊசியால் வந்தவை அல்ல. கருவுற்றகால மிகை இரத்த அழுத்தமும், மூளைச் சிரைகளில் இரத்தம் உறைதலும் தலைவலியாகவே தொடங்குகின்றன; இவ்விரண்டும் உயிருக்கு ஊறு விளைப்பவை. படுத்தாலும் தணியாத தலைவலி, பார்வைக் குறைவு, வலிப்பு, கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். தாயை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் இதனை அவள் மொழியில் எழுத வேண்டும். வீடு தேடிச் செல்லும் ஆஷா பணியாளருக்கும், கிராம சுகாதாரச் செவிலியருக்கும் இதனைக் கற்பித்தல் வேண்டும்.

அரியவை, ஆனால் கொடியவை

உறை துளைபட்டதை அறியாமல், எபிட்யூரலுக்குரிய முழு அளவு மருந்தையும் செலுத்திவிட்டால், அது தண்டுவட நீரில் கலந்து மேலேறும். கைகள் மரக்கும், மூச்சுத் தசைகள் தளரும், தாய் நினைவிழப்பாள். உடனே செயற்கைச் சுவாசம் அளித்து, இரத்த அழுத்தத்தைக் காத்தால் மருந்தின் வேகம் தணிந்தபின் அவள் முழுமையாக மீள்வாள். அளிக்க ஆளில்லையேல் சில நிமிடங்களில் தாயும் சேயும் இழக்கப்படுவர்.

குழாயின் முனை இரத்தக் குழாய்க்குள் சென்றுவிட்டால், மருந்து நேரே இரத்தத்தில் கலக்கும். நாக்கு மரத்தல், காதில் ஒலி, படபடப்பு, பின்னர் வலிப்பு என இது முன்னேறும். இறுதியில் இதயம் நிற்கும். பூபிவகைனின் செறிவு மிகுந்த 0.75 விழுக்காட்டுக் கரைசலை மகப்பேற்றில் பயன்படுத்தலாகாது என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1984இல் அறிவித்ததற்கு இத்தகைய இறப்புகளே காரணம். 20 விழுக்காட்டுக் கொழுப்புப் பால்மத்தைச் சிரை வழியே செலுத்துவது இந்நச்சுத்தன்மைக்குரிய மருத்துவமாக இன்று ஏற்கப்பட்டுள்ளது. எபிட்யூரல் அளிக்கும் பேற்றறையில் அப்பால்மம் ஒரு புட்டியாவது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மருந்துக் கிடங்கில் பூட்டப்பட்டிருந்தால் பயனில்லை.

இவ்விரு ஆபத்துகளையும் தடுக்கும் வழிகள் எளியவை. ஒவ்வொரு முறையும் மருந்தைச் செலுத்துமுன் குழாயை உறிஞ்சிப் பார்த்து, நீரோ இரத்தமோ வருகிறதா என அறிதல். முதலில் சிறு சோதனை அளவு தருதல். மொத்த மருந்தையும் ஒரே தடவையில் தராமல் பகுத்துத் தருதல். மாணவர்கள் இம்மூன்றையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எபிட்யூரல் வெளியில் இரத்தம் கட்டியாகத் தேங்குவதும், சீழ் கட்டுவதும் மிக அரியவை. மேற்கூறிய பிரிட்டானியத் தகவல் அட்டை, இரத்தக்கட்டியை 1,70,000 பேரில் ஒருவர் என்றும், சீழ்க்கட்டியை 50,000 பேரில் ஒருவர் என்றும், ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நரம்புப் பாதிப்பை 13,000 பேரில் ஒருவர் என்றும், பக்கவாதம் உள்ளிட்ட கடும் ஊறுகளை 2,50,000 பேரில் ஒருவர் என்றும் மதிப்பிடுகிறது. இவை நன்கு கண்காணிக்கப்படும் மருத்துவமனைகளைக் கொண்ட நாட்டின் கணக்குகள் என்பதை மறத்தலாகாது.

இரத்தக்கட்டி தண்டுவட நரம்புகளை அழுத்தும்போது, 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அறுவை செய்து நீக்கினால்தான் கால்கள் மீண்டும் இயங்கும் வாய்ப்பு மிகுதி. அதனை எவ்வாறு நேரத்தோடு கண்டறிவது? இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கடைசி மருந்தளவு தந்து 4 மணி நேரம் கழித்து, தாயைப் படுத்தவாறே காலை நேராக உயர்த்தச் சொல்ல வேண்டும். உயர்த்த இயலாவிடில் மருத்துவரை அழைக்க வேண்டும். ‘மருந்து இன்னும் இறங்கவில்லை’ என்று ஓர் இரவைக் கழித்துவிடுவதே பெருந்தவறு. பேற்றின்போது குழந்தையின் தலை நரம்புகளை அழுத்துவதாலும் கால் மரப்பு வரலாம். உண்மையில் அதுவே எபிட்யூரலைவிட அடிக்கடி காணப்படும் காரணம். ஆயினும் காரணத்தை ஊகித்து அமைதியடைவதைவிடச் சோதித்து அறிவதே முறை.

தவறான மருந்து

ஊசியும் கையும் சரியாக இருந்தும், மருந்தே மாறிப்போவதுண்டு. பேற்றுக்குப் பின் வரும் இரத்தப்போக்கைத் தடுக்க டிரானெக்சாமிக் அமிலத்தை உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தபின், அது எல்லாப் பேற்றறைகளிலும் இடம்பெறலாயிற்று. அதன் கண்ணாடிக் குப்பியும், பூபிவகைன் குப்பியும் தோற்றத்தில் ஒத்திருந்ததால், முதுகில் செலுத்தப்பட்டது அம்மருந்தாகிப்போன நிகழ்ச்சிகள் பல நாடுகளில் பதிவாயின. பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ பாதிப்பேர் இறந்தனர். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

இங்கு மருத்துவரைவிட மருந்துக் கொள்முதல் அலுவலருக்கும் கிடங்குப் பொறுப்பாளருக்கும் கடமை மிகுதி. ஒத்த தோற்றமுள்ள குப்பிகளை வாங்காதிருத்தல், இரு மருந்துகளையும் ஒரே தட்டில் வைக்காதிருத்தல், மருந்தின் பெயரை இருவர் உரக்கப் படித்தபின் ஊசிக்குழலில் ஏற்றுதல் ஆகிய மூன்றும் செலவற்ற காப்புகள்.

யாருக்கு ஏற்றதன்று

தாய் மறுத்தால் இம்முறை கூடாது. இதுவே முதல் விதி. இரத்தம் உறைவதில் குறைபாடு, குத்தும் இடத்தில் புண் அல்லது தொற்று, கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு, மூளைக்குள் அழுத்த மிகுதி ஆகிய நிலைகளிலும் கூடாது. கருவுற்றகால மிகை அழுத்த நோயில் இரத்தத் தட்டணுக்கள் விரைந்து குறையக்கூடும். எண்ணிக்கை 70,000க்குக் குறையாதிருந்தால் இடர் மிகக் குறைவு எனக் கருதப்படுகிறது. அண்மையில் எடுத்த சோதனை முடிவே இதற்குப் பயன்படும். ஒரு மாதத்துக்கு முந்தைய சீட்டு பயன்படாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை மருந்து பெறுவோருக்கு, கடைசி ஊசிக்குப்பின் அதன் வகைக்கும் அளவுக்கும் ஏற்ப உரிய நேரம் கழிந்த பிறகே குத்த வேண்டும்.

எவர் ஒப்புதல்?

நம் மருத்துவமனைகளில் ஒப்புதல் படிவத்தில் கணவரோ மாமியாரோ கையொப்பமிடும் வழக்கம் பரவலாக உள்ளது. நோயாளி வயது வந்தவராகவும் தெளிந்த அறிவுடையவராகவும் இருக்கும்போது, பிறர் தரும் ஒப்புதல் அவருடைய ஒப்புதலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு பெண்ணின் வழக்கில் தெளிவுபடுத்தியது. தாய் கேட்டும் குடும்பம் மறுத்ததால் வலி நிவாரணம் அளிக்காமல் விடுவதும், தாய் தயங்கியும் குடும்பம் வற்புறுத்தியதால் அளிப்பதும் ஒரேவகைப் பிழையே.

வலியின் உச்சத்தில் படிக்கப்படும் படிவம் எவருக்கும் விளங்காது. ஆகவே கருவுற்ற ஏழாம், எட்டாம் மாதங்களில், பரிசோதனைக்கு வரும் நாளிலேயே இம்முறையின் நன்மையையும் சிக்கல்களையும் விளக்க வேண்டும். நூற்றில் ஒருவருக்குத் தலைவலி, எண்மரில் ஒருவருக்கு முழுப்பயன் இன்மை என எண்களால் கூறினால் எழுத்தறியாத தாய்க்கும் புரியும். தலைவலியும் கால் மரப்பும் நேரக்கூடும் என முன்னரே அறிந்த தாய், அவை வரும்போது மறைக்காமல் சொல்வாள். ஒப்புதல் பெறுவது சட்டத்தைக் காப்பதற்கு மட்டுமன்று, சிக்கலை விரைந்து கண்டறிவதற்கும் பயன்படுகிறது.

நிர்வாகத்தின் பொறுப்பு

ஒரு மாவட்ட மருத்துவமனையை எண்ணிப் பார்ப்போம். நாளொன்றுக்கு 15 பேறுகள் நடைபெறுகின்றன. மயக்கவியல் மருத்துவர் இருவர் உள்ளனர். இரவில் ஒருவர் மட்டுமே பணியில் இருக்கிறார். நள்ளிரவில் அவர் ஒரு தாய்க்கு எபிட்யூரல் குழாய் பொருத்துகிறார். அரைமணி கழித்து விபத்தில் சிக்கிய ஒருவருக்காக அறுவை அரங்குக்கு அழைக்கப்படுகிறார். பேற்றறையில் ஒரே செவிலியர் மூன்று தாய்மாரைக் கவனிக்கிறார். இந்நிலையில் இரத்த அழுத்தத்தை 5 நிமிடத்துக்கொரு முறை அளப்பவர் யார்? தாய் மூச்சுத் திணறினால் வருபவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் பெயர் சொல்லி விடை தர இயலாத மருத்துவமனை, அவ்விரவில் எபிட்யூரல் தொடங்காதிருப்பதே நன்று.

மனித ஆற்றல் பற்றாக்குறை நாம் அறிந்ததே. ஊரகச் சமுதாய சுகாதார நிலையங்களில் அறுவை, மகப்பேறு, பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய நான்கு துறைகளிலும் தேவையான வல்லுநர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை என 2021-22ஆம் ஆண்டின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரம் காட்டியது. மயக்கவியல் மருத்துவர் பற்றாக்குறையை ஈடுசெய்ய எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு உயிர்காக்கும் மயக்கவியல் திறன் பயிற்சி ஏற்படுத்தப்பட்டது. தொடக்கத்தில் அதன் காலம் 18 வாரங்கள். அவசரச் சிசேரியன் நடைபெறச் செய்வதே அதன் நோக்கம். அப்பயிற்சியை மட்டும் கொண்டு எபிட்யூரல் சேவையை விரிவாக்க முயல்வது, ஒரு குறையை மூட மற்றொரு குறையைத் திறப்பதாகும்.

எனவே படிப்படியாகச் செல்வதே தக்கது. முதலில், மகப்பேற்றுக்கெனத் தனி மயக்கவியல் பணி ஒதுக்கக்கூடிய போதனா மருத்துவமனைகளில் சேவையை உறுதிப்படுத்தலாம். அங்கே பேற்றறைச் செவிலியர்களுக்குக் கண்காணிப்புப் பயிற்சி தந்து, அவர்களைக் கொண்டு மாவட்ட மருத்துவமனைகளைத் தயார் செய்யலாம். 2017இல் பேற்றறைத் தர மேம்பாட்டுக்கெனத் தொடங்கப்பட்ட ‘லக்ஷ்யா’ திட்டத்தின் மதிப்பீட்டு முறை இதற்கு உதவும். ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு பதிவேடு வைத்து, எத்தனை பேருக்கு அளித்தோம், எத்தனை பேருக்கு உறை துளைபட்டது, எத்தனை பேரை மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் தொடர்புகொண்டோம் எனக் குறித்தல் வேண்டும். உறை துளைபட்டதைப் பதிந்த மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் வழக்கம் வந்தால், அடுத்த முறை அது பதிவாகாது. அத்தாயின் தலைவலியை எவரும் தேடிச் செல்லவும் மாட்டார்கள். பதிவேடு கற்பதற்காக, தண்டிப்பதற்காக அன்று.

எபிட்யூரல் அளிக்க இயலாத இடங்களில் தாய் வலியோடு தனித்து விடப்பட வேண்டும் என்பதன்று பொருள். பேற்றறையில் துணைக்கு ஒருவரை அனுமதிக்கலாம் என நடுவணரசு 2016இல் நெறிமுறை வெளியிட்டது. துணையிருப்பதும், நடக்கவும் நிலை மாற்றவும் விடுவதும், இடுப்பைத் தடவிவிடுவதும், தக்க மேற்பார்வையில் வலிநீக்கி ஊசி தருவதும் இன்றே எங்கும் செய்யக்கூடியவை. முதுகில் ஊசியோ இல்லையோ, கடிந்துரைக்காமல் அன்பாகப் பேசும் பேற்றறையே வலி நிவாரணத்தின் தொடக்கம்.

முடிவுரை

எபிட்யூரல் முறை நூறாண்டு கண்ட முறை. அதன் சிக்கல்கள் அறியப்பட்டவை. அவற்றுள் மிகப் பல தடுக்கத்தக்கவை, ஏனையவற்றுள் பெரும்பாலானவை நேரத்தோடு கண்டால் தீர்க்கத்தக்கவை. ‘நேரத்தோடு’ என்ற அச்சொல்லிலேயே அரசின் கடமை அடங்கியுள்ளது. மருந்தும் குழாயும் வாங்குவதற்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி போதும். இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் தாயின் காலை உயர்த்தச் சொல்லிப் பார்ப்பதற்குப் பணியிடமும், பயிற்சியும், மேற்பார்வையும் வேண்டும். திட்டம் தீட்டும் அலுவலர்கள் இவ்விரண்டாம் செலவை முதலில் கணக்கிட்டு, அதன்பின் முதற்செலவுக்கு ஒப்புதல் அளிப்பார்களாயின், வலி நீங்கிய தாய் நலத்தோடும் வீடு திரும்புவாள்.